தகடு அடிக்காத வேலை

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

துவாக்குடியில் சொந்தப் பட்டறை. நாற்பதுக்கு அறுபது அடி, மேலே ஷீட், உள்ளே இரண்டு வெல்டிங் செட், பெரிய கட்டிங் மெஷின் ஒன்று. ஸ்ரீரங்கத்தில் மாடி வைத்த வீடு. அதன் வாசல் கேட்டில் இருக்கிற சங்கும் சக்கரமும் நானே காய்ச்சி வளைத்தவை. முக்கொம்புக்குப் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் முகப்பு வளைவு என்னுடையது. திருச்சிக்குள் எத்தனை கேட், எத்தனை ஜன்னல் கம்பி, எத்தனை மாடிப்படிக் கைப்பிடி என்று கேட்டால் எனக்கே தெரியாது. மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் பஸ் ஏறியவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தொழில் கற்றுத் தருகிறேன் என்ற முதலாளி மூன்று வருஷம் துரு தேய்க்க மட்டும்தான் விட்டார். வெல்டிங் வெளிச்சத்தில் இடது கண் பாதி போயிற்று. நான் கையெழுத்துப் போடுகிற லட்சணத்தைப் பார்த்து ஒரு ஆபீஸில் ஒரு கிளார்க் வாய்விட்டுச் சிரித்தார். பிற்பாடு அவர் வீட்டு மொட்டைமாடிக் கதவை நான்தான் செய்தேன். அவரே தேடி வந்து நின்றார்.

என் வேலையைக் கண்டுபிடிப்பது சுலபம். கேட்டின் வலது பக்கம், இடுப்பு உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு தகடு இருக்கும். அதில் என் பெயர், கீழே போன் நம்பர். எங்கள் தொழிலில் எல்லோரும் அடிப்பதுதான். மற்றவர்கள் இரண்டு ஸ்க்ரூவில் மாட்டுவார்கள். நான் நான்கு மூலையிலும் பற்றவைத்துவிடுவேன். கேட் துருப்பிடித்து உதிர்ந்தாலும் என் பெயர் உதிராது.

என் மனைவி இதைச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவாள். "கேட்டுக்கு ஒண்ணு, ஜன்னலுக்கு ஒண்ணு, போன வாரம் துணி காயப்போடற கம்பிக்குக் கூட ஒண்ணு. என் முதுகுதாங்க பாக்கி. அதுலயும் ஒரு தகடு அடிச்சு விட்டுருங்க, தொலைஞ்சு போனா யாராச்சும் கொண்டாந்து விடுவாங்க."

"உன்னை யாருடி எடுத்துட்டுப் போகப் போறா?" என்பேன். வீடே சிரிக்கும். வீடு என்றால் நான், அவள், எங்கள் மகள். ஒரே மகள்.

அந்த மகளைப் பற்றித்தான் இது. அவள் டீச்சர். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் எடுத்தாள். அந்தப் பள்ளியின் கேட்டை அவள் வேலைக்குச் சேருவதற்கு நான்கு வருஷம் முன்பே நான் செய்து மாட்டியிருந்தேன். தினமும் என் தகட்டைத் தாண்டித்தான் அவள் உள்ளே போவாள். மகள் டீச்சர் என்பதை நான் பெயின்ட் கடையில் சொல்வேன், டீக்கடையில் சொல்வேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்வேன்.

அவள் எப்பேர்ப்பட்டவள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரும்பில் அளவு குறிக்க எங்களுக்குச் சாக்பீஸ் வேண்டும். "உங்க ஸ்கூல்ல உடைஞ்ச துண்டு கிடக்குமே பாப்பா, நாலு அள்ளிட்டு வாயேன்" என்று ஒருநாள் கேட்டேன். சாயங்காலம் ஒரு முழுப் பெட்டி கொண்டுவந்தாள். கடையில் வாங்கியது. "உடைஞ்சதா இருந்தாலும் அது பிள்ளைங்களோடதுப்பா" என்றாள். அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரு பெட்டி. பட்டறையில் சாக்பீஸ் தீர்ந்தது என்ற பேச்சே இருந்ததில்லை.

ஒரு வருஷம் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியை எல்லா டீச்சர்களையும் கூட்டி ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பேஸ்புக், வாட்ஸ்அப் என்று டீச்சர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது பற்றி. படிக்கிற பிள்ளைகளை அதில் நண்பர்களாகச் சேர்க்கக் கூடாது. பிள்ளைகளின் படமோ நோட்டோ பேப்பரோ எதுவும் போகக் கூடாது. பள்ளிக்கூடத்து விஷயத்தை அங்கே பேசக் கூடாது. அன்று சாப்பிடும்போது மகள் இதைச் சொன்னாள்.

"என்ன அநியாயம் இது? நல்ல வேலை செஞ்சா நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டேன்.

"உங்க வேலை வெளியில தெரியணும்பா. எங்க வேலையில பாதி, வெளியில தெரியாமப் பாத்துக்கறதுதான்."

"தகடு அடிக்காத வேலை ஒரு வேலையா?"

"எங்க தகடு பிள்ளைங்கதான். அதுங்க மேல நாம எதையும் அடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள். எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. அப்போது தோன்றவில்லை.

காலேஜில் படிக்கும்போது அவள் திறந்த பேஸ்புக் பக்கம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அதிலிருந்த தன் படங்களை எல்லாம் எடுத்துவிட்டாள். தன் போனில் அதைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அந்தச் சமயம் எனக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் நேற்று வந்தவன் எல்லாம் கேட் படத்தைப் போட்டு ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தான். நச்சரித்தேன். அவள் தன் பழைய பக்கத்தையே என் போனில் திறந்து கொடுத்தாள்.

"இப்போதைக்கு இதை வெச்சுக்குங்க. லீவுல உங்க பேருக்கு மாத்தித் தரேன். கேட் படம் மட்டும் போடுங்க, வேற எதுவும் வேணாம். யாராச்சும் ஃப்ரெண்டா சேர்றேன்னு கேட்டா சேர்க்காதீங்க. அது இன்னும் என் பேருல இருக்கு."

தலையை ஆட்டினேன். கேட் படங்களைப் போட்டேன். எனக்கு எழுத வராது. எழுத்துக்கூட்டி எழுதினாலும் பார்ப்பவர் சிரிப்பார்கள். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு மஞ்சள் சிரித்த முகத்தைப் போடுவேன். அவ்வளவுதான் என் எழுத்து. யார் சேர்கிறேன் என்று கேட்டாலும் சேர்த்துக்கொண்டேன். வாசலுக்கு வருகிறவரை வெளியே நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. எல்லோரும் கேட் செய்ய வருகிறவர்கள் என்று நினைப்பு. அதில் பாதிப் பேர் அவள் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களின் அக்காமாரும் அம்மாமாரும் என்பது எனக்குத் தெரியாது. கேட்ட உடனே டீச்சர் தங்களைச் சேர்த்துக்கொண்டார் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

பெயரை மாற்றித் தருவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. எந்த லீவிலும் பேப்பர் கட்டு வந்துவிடும்.

அந்த மார்கழியிலும் வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். பேப்பரை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தலாம் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஏகாதசிக் கூட்டம், எங்கள் தெருவில் வெளியூர் வண்டிகள் கேட்டை ஒட்டி நின்றன. பைக்கை எடுக்க முடியாமல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. கூடத்தில் பாய் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் கொடுத்து, மகள் திருத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையல், சிவப்புப் பேனா. பேனா அந்தத் தாளின் மேல் போகிற போக்கை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். துரு தேய்த்தவனின் மகள் கையில் சிவப்புப் பேனா. அந்தச் சிவப்பு எத்தனை பெரிய விஷயம் என்பது படித்தவர்களுக்குப் புரியாது.

அவள் தோளுக்கு மேலே போனை நீட்டி ஒரு படம் எடுத்தேன்.

"என்னப்பா?"

"உன் கையை எடுத்தேன், சும்மா."

"பேப்பர் தெரியுதா?"

"இல்லம்மா, கை மட்டும்தான்."

பார்க்காமலே சொன்னேன். அவள் நம்பினாள். அடுத்த பேப்பரை எடுத்தாள்.

மாடிக்குப் போய் அந்தப் படத்தைப் போட்டேன். கீழே ஒரு சிரித்த முகம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அவளுக்கு ஒரு போன் வந்தது. கூட வேலை பார்க்கிற டீச்சர். "என்ன சொல்ற? நான் எதுவும் போடலியே" என்றது காதில் விழுந்தது. போனை வைத்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க போனைக் குடுங்க."

கொடுத்தேன். அவள் பார்த்தாள். உட்காரவில்லை. நின்றபடியே விரலை வைத்து எதையெதையோ அழித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எடுத்தாள். அப்புறம் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டாள், என் கேட்டுகளோடு சேர்த்து.

"என்னம்மா ஆச்சு? கைதானே அது?"

என் போனில் மிச்சமிருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் கையில் கொடுத்தாள். "படிங்கப்பா."

எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லித்தான் படிப்பேன். அன்று சத்தமாகவே படித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்றின் பேப்பர். மேலே பெயர், வகுப்பு, வட்டத்துக்குள் ஒன்பது மார்க். கீழே, பதில் எழுத வேண்டிய இடத்தில், அந்தப் பிள்ளை எழுதியிருந்தது இது:

"டீச்சர், எதுவும் ஞாபகம் வரல. அம்மா எங்களை விட்டுட்டுப் போய் இருபது நாள் ஆகுது. தம்பிக்கு நான்தான் சமைக்கிறேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்."

அந்தக் கடைசி வரிக்கு நான் வந்து சேர்வதற்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை என் மகள் நின்றுகொண்டே இருந்தாள்.

அதற்குள் அந்தப் படத்தை யாரோ அப்படியே ஸ்கிரீன்ஷாட் பிடித்து வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். மேலே என் மகளின் பெயர். நடுவில் அந்தப் பிள்ளையின் ரகசியம். கீழே சிரித்த முகம். ஒன்பது மார்க் வாங்கி, அம்மா ஓடிப்போய்விட்டாள் என்று எழுதிய பிள்ளையைப் பார்த்து டீச்சர் சிரிக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மறுநாள் லீவு நாளிலேயே பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். என் கேட்டை வாட்ச்மேன் திறந்துவிட்டார். தலைமை ஆசிரியை அறையில் அந்தப் பிள்ளையின் அப்பா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். கண் சிவந்திருந்தது. நானும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டு அசிங்கத்தை ஊருக்கே போட்டுக் காட்டி, கீழ சிரிச்ச மூஞ்சி வேற! நீங்கள்லாம் டீச்சரா? எம் பொண்ணு நேத்துலேருந்து கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உள்ள கிடக்குது. சைபர் க்ரைம்ல எழுதிக் குடுக்கத்தான் போறேன். செஞ்சவங்க யாரா இருந்தாலும் உள்ள போகணும்."

"கொஞ்சம் இருங்க, விசாரிக்கிறோம்ல" என்று தலைமை ஆசிரியை அவரை அடக்கினார். பிறகு என் மகளைப் பார்த்தார். "வருஷ ஆரம்பத்துல படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினோமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"இது உங்க பக்கம்தானே?"

"என்னோடதுதான் மேடம்."

"எங்க இப்போ? தேடினா இல்லையே."

"நேத்தே எடுத்துட்டேன் மேடம்."

"அது அடுத்த தப்பு." அவர் பெருமூச்சு விட்டார். "போட்டது நீங்கதானா?"

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி இருக்கும். அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ முறை திரும்பக் கழற்றிப் பார்த்துவிட்டேன். அதில் அவள் எதையும் கேட்கவில்லை, எதையும் தடுக்கவும் இல்லை. எனக்கு இடம் விட்டாள், அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் மேடம் போட்டேன்" என்றாள்.

ஏன் பேசவில்லை என்று எழுதித்தான் ஆக வேண்டும். போலீஸ் என்ற சொல் பயமுறுத்தியது, அது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல நாக்கு கூசுகிறது. அந்தப் பள்ளி மேடைக்கு நான் இலவசமாக ஒரு ஷீட் கூரை போட்டுக் கொடுத்திருந்தேன். குடியரசு தினத்தன்று மைக்கில் என் பெயரைச் சொல்லி சால்வை போடுவதாக இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சால்வை. அந்த நொடியில் அதுவும் என் மனதில் வந்து போயிற்று. வரவில்லை என்று நான் எழுதினால் இந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பக்கம் என் பேருல இருக்கு. உங்ககிட்ட குடுத்தது நான். பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததும் நான். நீங்க படம் எடுத்தப்ப வாங்கிப் பாத்திருக்கணும், பாக்கல." பாலத்தின் பாதியில் மறுபடி சொன்னாள். "அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னாப்பா. உங்ககிட்ட சொல்லல."

"நான் அங்க சொல்லியிருக்கணும்ல?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கப்பா" என்றாள்.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தாள். அதிலும் தானே போட்டதாகத்தான் எழுதியிருந்தாள். மாணவியின் விடைத்தாளை, அந்தரங்கத்தை மீறும் வகையில், தன் சொந்தப் பக்கத்தில் வெளியிட்டார் என்று அவளுடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. மேல்விசாரணை முடியும் முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் அப்பா போலீசுக்குப் போகவில்லை. போனால் இன்னும் நான்கு பேருக்குத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடியரசு தினத்தன்று நான் போகவில்லை. சால்வையை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி அதைப் பிரிக்காமலே பீரோவுக்கு மேலே போட்டாள். தகடு பற்றிய கேலியும் அன்றோடு நின்றது.

பிப்ரவரியில் நான் தனியாகத் தலைமை ஆசிரியையிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். போட்டது நான், படம் எடுத்தது நான், சிரித்த முகம் என்னுடையது என்று சொன்னேன். என் போனில் இருந்த படத்தையும் காட்டினேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஐயா, பெத்தவங்க மனசு எனக்குப் புரியுது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா."

"மனசு இல்லைங்க மேடம், உண்மையே அதுதான்."

"உங்க பொண்ணு கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தப் பக்கம் இப்போ இல்ல. படத்தை உங்க பொண்ணே வாட்ஸ்அப்ல உங்களுக்கு அனுப்பியிருக்கலாம்னு சொல்லிடுவாங்க. அன்னைக்கு இதே அறையில நீங்க இருந்தீங்க, ஒரு வார்த்தை பேசல. இப்ப வந்து சொன்னா யாரு நம்புவா? மகளுக்காகப் பழியை ஏத்துக்கறாரு, எவ்வளவு நல்ல அப்பான்னுதான் சொல்லுவாங்க."

நல்ல அப்பா! எத்தனையோ பேர் என்னைப் புகழ வேண்டும் என்று ஏங்கியவன் நான். அந்தப் புகழ்ச்சியை அந்த மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் எனக்கு ஒரே எண்ணம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். டீச்சர் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அதற்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது. தம்பியையும் கூட்டிக்கொண்டு துவாக்குடியில் அத்தை வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த அத்தை, காலேஜ் பையன்கள் தங்குகிற ரூம்கள் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். என் பட்டறையிலிருந்து பத்து நிமிஷ நடை.

கூட்டம் ஓய்ந்த பதினொரு மணிக்குப் போனேன். அத்தையிடம் நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அந்த டீச்சரோட அப்பாவா? இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? போனை எடுத்தீங்கன்னா பாருங்க."

"போனைப் பட்டறையிலயே வெச்சுட்டு வந்துட்டேம்மா. புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லணும். உங்க முன்னாலதான்."

பின்னால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து வந்து அத்தைக்குப் பின்னால் நின்றது. பதினான்கு வயது. விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அந்தப் படத்தில் எழுத்தாகப் பார்த்ததை ஆளாகப் பார்த்தேன்.

"அந்தப் படத்தைப் போட்டது டீச்சர் இல்லம்மா. நான்தான். எனக்குப் படிக்கத் தெரியாமப் போட்டுட்டேன். டீச்சருக்குத் தெரியவே தெரியாது."

அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்தது. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க டீச்சரோட அப்பாதானே தாத்தா. அப்படித்தானே சொல்லுவீங்க."

"சத்தியமாம்மா."

"எங்கப்பாவும் அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சத்தியம் பண்ணிதான் சொன்னாரு." தோலை விரலிலிருந்து உரித்துக்கொண்டே சொன்னது. "நான் டீச்சர்கிட்ட மட்டும்தான் சொன்னேன் தாத்தா."

"ஸ்கூலுக்குப் போறியாம்மா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு அத்தை சொல்லியிருக்காங்க. போனாலும் பேப்பர்ல ஒண்ணும் எழுத மாட்டேன். பதில் மட்டும்தான்."

அத்தை கரண்டியால் அடுப்பைத் தட்டினார். "போதும், போங்க பெரியவரே. அதை விட்டுடுங்க."

பட்டறைக்கு நடந்து வந்தேன். இரும்பில் கோடு போடச் சாக்பீஸைத் தேடினேன். பெட்டி காலி. மூன்று மாதமாக யாரும் வாங்கி வைக்கவில்லை. ஆணியால் கீறிக் கோடு போட்டேன்.

மகள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். வேறு இரண்டு பள்ளிகளுக்கு மனு போட்டாள். முந்தைய பள்ளியில் ஏன் நின்றீர்கள் என்று கேட்டார்களாம்; உள்ளது உள்ளபடி சொன்னாளாம். உள்ளது உள்ளபடி என்றால், அந்தக் கடிதத்தில் இருப்பது. என்னை அங்கேயும் சொல்லவில்லை. மத்தியானங்களில் கூடத்தில் அதே ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதாவது படிப்பாள். அந்தப் பக்கம் போகும்போது நான் போனை எங்கேயாவது வைத்துவிட்டுப் போகிறேன்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றாள். விடாமல் கேட்டேன். "ஒரு பேரும் இருக்கக் கூடாது. அந்தப் பொண்ணு பேரு, ஸ்கூல் பேரு, என் பேரு, உங்க பேரு, எதுவும். உங்க பேரை வெச்சு என்னைக் கண்டுபிடிப்பாங்க, என்னை வெச்சு அவளைக் கண்டுபிடிப்பாங்க. ஒரு தடவை போதும்பா" என்றாள். அது நியாயம். அதனால்தான் இதில் என் பெயர் இல்லை. நான் செய்த வேலைகளில் தகடு அடிக்காமல் வெளியே போகிற வேலை இது ஒன்றுதான். எழுத்துப் பிழைகளைப் பதிப்பிக்கிறவர் திருத்திவிட்டார். மகள் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, நானும் காட்டவில்லை.

ஆனால் அந்தப் பணிப்பதிவேடு இருக்கிறது. அது ஊர் பார்க்கிற தாள் இல்லை. அந்தப் பிள்ளையை யாரும் அதில் தேடப் போவதில்லை. எந்தப் பள்ளி, எந்த அலமாரி என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். இத்தனை வருஷம் செய்த வேலைக்குப் பெயர் போட்டுக்கொள்ள நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அடுத்தவர் செய்த கேட்டில் என் தகட்டை அடித்ததும் இல்லை. அந்த வரியில் என் மகள் பெயர் இருக்கிறது. அது அவள் செய்த வேலை இல்லை. படம் எடுத்தவன் நான். பேப்பர் தெரியவில்லை என்று பார்க்காமல் சொன்னவன் நான். சிரித்த முகத்தைப் போட்டவன் நான். அந்த அறையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவனும் நான்தான். மகள் மேல் உள்ள பாசத்தில் கிழவன் பேசுகிறான் என்று ஒதுக்காதீர்கள். இது என் கைவேலை. அவள் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.